கிண்டி டு வண்டலூர்: போர்டு பார்த்துக்கொண்டே ஒரு பயணம்!

கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் என்பது அதன் பெயர். தென்மாநிலங்களில் ஒருவர் தன் கடையின் பெயரையோ சின்னத்தையோ ‘இது என்னுடையது’ என்று டிரேட்மார்க் பதிவு செய்ய நினைத்தால், விண்ணப்பம் வந்து சேரும் இடம் இதுதான்.

அந்த வாசலைத் தாண்டி மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ரோடு தெற்கே நீள்கிறது. இரண்டு பக்கமும் போர்டு, போர்டு, போர்டு. பாத்திரக்கடை, நகைக்கடை, மெடிக்கல், பிரியாணி, டைல்ஸ், டியூஷன் சென்டர். ‘கிராண்ட் சதர்ன் டிரங்க்’ என்பதன் சுருக்கம்தான் இந்த ஜி.எஸ்.டி. வரி வந்தது 2017-ல். அந்த வரிக்குப் பதிவு செய்த கடைக்காரர் தன் ஜி.எஸ்.டி. எண்ணைப் பெயர்ப் பலகையிலும் எழுத வேண்டும் என்பது விதி. ஆக, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜி.எஸ்.டி. எண்ணோடு நிற்கும் கடைகள்!

பல்லாவரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இறங்கினால், இதற்கு நேர்மாறான உலகம். பழைய டிரங்க் ரோட்டுச் சந்தையில் பெயர்ப் பலகை என்ற பேச்சே இல்லை. செடி, கோழிக்குஞ்சு, பழைய மிக்ஸி, துருப்பிடித்த ஸ்பேனர், சைக்கிள், காய்கறி எல்லாம் தரையில் விரித்த தார்ப்பாயில் கிடக்கும். வாங்குபவர்கள் எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள்? ‘போன வாரம் ரோஜா கன்னு வித்த அக்கா’, ‘மூலையில ஸ்க்ரூ வெச்சிருக்கற பாய்’. ஆள்தான் போர்டு. வாராவாரம் அதே இடத்தில் அதே ஆள் உட்கார்ந்தால் போதும், வியாபாரம் நடக்கும்.

சிறு வியாபாரத்தின் ஆதி முகம் இதுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் நெற்றி விபூதியும், ‘வாங்க சார், அம்மா எப்படி இருக்காங்க?’ என்ற குரலும் எந்த லோகோவும் செய்யாத வேலையைச் செய்துவிடும். முதலாளி இல்லாத இடத்தில் கடை நடக்க வேண்டும் என்று ஆகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தாம்பரத்தில் அந்தச் சிக்கலைக் கண்ணால் பார்க்கலாம். ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்துவிட்டது. மேற்கே சண்முகம் சாலையும் மார்க்கெட்டும் முடிச்சூர் ரோடும். கிழக்கே வேளச்சேரி ரோடு, சேலையூர், கேம்ப் ரோடு. பின்கோடுகூட வேறு: மேற்கு தாம்பரம் சென்னை-45, கிழக்கு சென்னை-59. ஒரு கிலோ பருப்பு வாங்க யாரும் மேம்பாலம் ஏறி இந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் மேற்கே நன்றாக ஓடும் கடைக்காரருக்குக் கிழக்கே ஒரு கிளை போடும் ஆசை வருவது இயற்கை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கல்லாவிலும் அவரால் உட்கார முடியாது. இந்தப் பக்கத்தில் அவர் சம்பாதித்த நல்ல பெயரை அந்தப் பக்கத்துக்குச் சுமந்து போக வேறு ஏதாவது வேண்டும். போர்டு, நிறம், பை, பில் எல்லாம் அப்போதுதான் வேலைக்கு வருகின்றன.

இந்தக் கதையின் பெரிய உதாரணம் திண்டுக்கல்லில் இருக்கிறது. 1957-ல் நாகசாமி நாயுடு அங்கே தொடங்கிய கடையின் பெயர் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’. அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் போர்டில் இருந்த பெயரை விட்டுவிட்டு ‘தலப்பாக்கட்டி கடை’ என்று கூப்பிட்டார்கள். குடும்பத்தின் அடுத்த தலைமுறைகள் திண்டுக்கல்லைத் தாண்டிக் கடை போட்டபோது போர்டில் ஏறியது ஆனந்த விலாஸ் அல்ல, தலைப்பாகை! பெயர் புகழ் பெற்றதும் அதே ஓசையில் வேறு கடைகளும் முளைத்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு மனிதர் தலையில் கட்டிய துணிக்கு நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடும் மதிப்பு வந்ததென்றால், அது பல வருடங்கள் மாறாமல் இருந்ததால் வந்த மதிப்பு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும் கிண்டி அலுவலகக் கதவு திறந்தே இருக்கிறது. தனிநபர், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பெரிய நிறுவனங்களுக்கு 9,000. மொத்தம் 45 பிரிவுகள். இனிப்பும் காபித்தூளும் 30-ஆவது பிரிவு, ஹோட்டல் 43-ஆவது. பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

குரோம்பேட்டை வந்தால் ஒரு வேடிக்கை. இங்கே ஒரு கம்பெனியின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. ஜி.ஏ.சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் இது. அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர் ரயில் டிக்கெட்டில் ஏறிக்கொண்டது. மருத்துவமனைக்கு அரசு வேறு பெயர் வைத்துப் பல காலம் ஆகியும் ‘சானடோரியம் ஒண்ணு’ என்றுதான் இன்றும் டிக்கெட் கேட்கிறார்கள்.

அந்த ஸ்டேஷன் போர்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதற்குப் பிறகு பாதை மாறியது, வண்டி மாறியது, பிளாட்பாரம் உயர்ந்தது. நாட்டின் எந்த மூலையில் இறங்கினாலும் இந்த மஞ்சளைப் பார்த்தால் ‘இது ரயில்வே’ என்று படிக்கத் தெரியாத குழந்தையும் சொல்லும். அழகு என்று பெரிதாக ஒன்றுமில்லை அந்தப் போர்டில். தூரத்திலிருந்தே தெரிகிறது, எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

நிறத்தின் பலம் காலை ஐந்தரை மணிக்குப் பால் பூத்தில் தெரியும். ‘பச்சை ஒண்ணு, நீலம் ரெண்டு’ என்று கேட்பவர்கள் ஆவின் என்ற பெயரைக்கூடச் சொல்வதில்லை. 2023 நவம்பரில் பச்சை பாக்கெட்டுக்குப் பதில் ஊதா பாக்கெட் என்ற பேச்சு வந்தபோது தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. பச்சையில் கொழுப்பு 4.5 சதவிகிதம், ஊதாவில் 3.5. விலை ஒன்றுதான். கோபம் பாலைப் பற்றியது. ஆனால் அந்தக் கணக்கை ஜனங்கள் ஞாபகம் வைத்திருந்தது நிறத்தின் மேல்!

இனி தாம்பரம் மார்க்கெட் பக்கம் நுழையலாம். வழக்கமான ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். போர்டில் ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’, சிவப்பு எழுத்து. பில்லில் ‘முருகன் டிரேடர்ஸ்’, நீல மை. கூகுள் மேப்பில் யாரோ ஒரு வாடிக்கையாளர் பதிந்துவிட்ட ‘முருகன் ஷாப்’. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இன்னொரு பெயர்.

‘‘அண்ணே, கலைவாணின்னு வருது, கரெக்டா?’’

‘‘கரெக்டுதாம்மா, வீட்டுக்காரங்க பேரு. போடுங்க.’’

இந்த உரையாடல் ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கும்! தெரிந்த கடையில் சிரித்துக்கொண்டே பணம் போடுகிறோம். புதிதாக வந்தவர் ஒரு நொடி தயங்குகிறார். அடுத்தவர் கியூஆர் ஸ்டிக்கரின் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிப் பணம் சுருட்டும் மோசடிச் செய்திகள் வரும் காலத்தில், அந்தத் தயக்கம் நியாயமானதுதான். வியாபாரத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, அதற்கு கியூஆர் வாங்கிவிட்டால் கடையின் பெயரே திரையில் வரும். டிசைனர் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடி போர்டுக்கு லட்சம் செலவழிக்கும் பலர் இதைச் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இப்படி நாலு முகம் வருவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஒரு காலத்தில் பேட்டைக்கு ஓர் ஓவியர் இருந்தார். தகரத்தில் எனாமல் பெயின்ட். சாக்பீஸ் கோடு போட்டு, அதன்மேல் பிரஷ். மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் சின்னக் கையெழுத்து. போர்டும் சுவர் விளம்பரமும் டெலிவரி வண்டியும் அவர் கையாலேயே எழுதப்பட்டதால் எழுத்து தானாகவே ஒன்றுபோல இருந்தது. ஃப்ளெக்ஸ் வந்தது, ஓவியர் போனார். இன்று போர்டு ஒரு பிரஸ்ஸில், பில் புக் இன்னொன்றில், கவர் வேறு எங்கோ. டிசைன் செய்த கோரல் ஃபைல் முதல் பிரஸ்காரரின் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். கடைக்காரரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படம். அதைப் பார்த்து இரண்டாவது ஆள் தன்னிடம் இருக்கும் எழுத்துருவில் மறுபடி டைப் செய்கிறார். செல்போனில் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது அச்சில் செங்கல் நிறமாகிறது. பணம் கொடுத்த அன்றே அசல் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி, அச்சிட்ட ஒரு துண்டையும் பீரோவில் வைத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

ஃப்ளெக்ஸ் இந்தப் பகுதிக்கு வேறொரு துயரத்தையும் கொடுத்தது. 2019 செப்டம்பர் 12 அன்று பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணை அருகே, ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் மீது அனுமதியில்லாத கல்யாண பேனர் விழுந்தது. நிலை தடுமாறியவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. வைத்தவர்கள் யாராக இருந்தாலும், சாலைக்குள் நீளும் எந்தப் பலகையையும் இங்கே யாரும் வெறும் விளம்பரமாகப் பார்க்க முடியாது.

போர்டில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். பல டிசைனர்கள் ஆங்கிலத்தில் லோகோ வரைந்துவிட்டு, இன்ஸ்பெக்டர் வருவார் என்ற பயத்தில் தமிழைக் கடைசியில் மூலையில் செருகுகிறார்கள். ‘எலக்ட்ரிக்கல்ஸ்’ என்ற சொல் அகலத்தைத் தின்றுவிடும். மேலே புள்ளியும் கொக்கியும் உயரம் கேட்கும். தமிழில் முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் ஆங்கிலத்தை உட்கார வைத்தால் பலகை தானாகப் பொருந்தும். ஓர் அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்திலிருந்து நன்றாகப் படிக்க முடியும் என்பது போர்டு செய்பவர்களின் பொதுக் கணக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க, எழுத்து முக்கால் அடியாவது வேண்டும். அதில் ‘ஹோல்சேல் அண்ட் ரீடெய்ல்’, நாலு செல் நம்பர், மூன்று சாமி படம் எல்லாம் எப்படி அடங்கும்?

போர்டு கடையோடு நின்றுவிடுகிறது. பையும் காலண்டரும் வீட்டுக்குள் வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியதும், ஜவுளிக்கடைகளின் பழைய வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தன. துணிப்பையில் ஒரே நிற அச்சு போதும், துவைத்துத் துவைத்து இரண்டு வருடம் மார்க்கெட்டுக்குப் போய்வரும். காலண்டர் இன்னும் கெட்டி. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருட ஆல்பம் வெளியாகும். அதே லட்சுமி, அதே பிள்ளையார்; கீழே கடைப் பெயர் மட்டும் மாறும். தினமும் நல்ல நேரம் பார்க்கும் பாட்டி 365 முறை அந்தப் பெயரைப் பார்க்கிறார்.

பெருங்களத்தூர் தாண்டி, வண்டலூர் உயிரியல் பூங்காவையும், 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தையும் கடந்தால் அடுத்த காட்சி. செங்கல்பட்டு, மதுராந்தகம் வரை வரிசையாகக் ‘கும்பகோணம் டிகிரி காபி’. பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் டிகிரியாகப் பார்த்ததால் வந்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். முதலில் யாரோ ஒருவர் பித்தளை டபரா செட்டில் காபி கொடுத்திருக்க வேண்டும். அருமையான யோசனை! பார்த்த உடனே கும்பகோணம் ஞாபகம் வருகிறது. ஆனால் கும்பகோணமும் டிகிரி காபியும் பித்தளை டபராவும் யாருக்கும் சொந்தமில்லையே. பக்கத்துக் கடைக்காரர் மறுவாரமே பித்தளை வாங்கினார். அவருக்கு அடுத்தவரும் வாங்கினார்.

ஊருக்குப் போகும் குடும்பம் ஒரு கடையில் காரை நிறுத்துகிறது. காபி பிரமாதம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைவாக, பதமாகப் போட்டுக் கொடுத்தார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அதே கடையில் நிறுத்தச் சொல்கிறார் அம்மா. இடதும் வலதும் ஒரே பெயர், ஒரே பித்தளைப் படம்.

‘‘எந்தக் கடைம்மா?’’

‘‘வேப்பமரம் இருந்துச்சே, அந்தக் கடைடா!’’

கார் மெதுவாகிறது. எல்லோரும் ஜன்னல் வழியே மரம் தேடுகிறார்கள்.