முதுகுக்குப் பின்னால் சுவர்

நான் டேபிள் டென்னிஸ் பழகியது மதுரை ரயில்வே காலனியில், ஒரு சின்ன அறையில். மேஜைக்குப் பின்னால் மூன்றடியில் சுவர். ஓங்கி அடித்தால் முழங்கை சுவரில் இடிக்கும். அதனால் மேஜையை ஒட்டி நின்று தடுத்துத் தடுத்தே ஆடினேன். (வெளியில் இதை ஸ்டைல் என்று சொல்லிக்கொள்வேன்.) அப்போதெல்லாம் 21 பாயிண்ட். எதிராளி சலித்துப்போய் தானே வெளியே அடிக்கும்வரை காத்திருக்கலாம்.

2000-ல் பந்தை 38 மி.மீ.யிலிருந்து 40 ஆக்கினார்கள். வேகம் குறைந்ததில் எனக்கு லாபம்தான். 2001-ல் 11 பாயிண்ட்டாகச் சுருக்கினார்கள் பாருங்கள், அதுதான் என் வயிற்றில் அடித்தது. எதிராளி சலிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடுகிறது!

இங்கே புனே ஆபீஸில் சிலிகுரிப் பையன் ஒருவனிடம் தினமும் தோற்கிறேன். பேட்டின் ஒரு பக்கம் லாங் பிம்பிள் ரப்பர் ஒட்டிப் பார்த்தேன். அவன் போடும் டாப்ஸ்பின் அவனுக்கே பேக்ஸ்பின்னாகத் திரும்பும். ரெண்டு வாரம் திணறினான், அப்புறம் பழகிவிட்டான். "தாதா, ஒரு தடவையாவது அடிங்க" என்பான்.

போன வெள்ளிக்கிழமை 10-9, நான் முன்னிலை. பந்து நல்ல உயரத்தில் வந்தது. அடித்தே விடுவது என்று கையை ஓங்கப் போனவன், ஒரு நொடி திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டேன். இருபதடிக்குச் சுவரே இல்லை. அதற்குள் பந்து தாண்டிப் போய்விட்டது.