கடல் வழிவிடும் விமான நிலையம்

விமான நிலையம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? தார் இட்ட நீண்ட ஓடுபாதை, கண்ணாடி பதித்த பெரிய கட்டடம், இரவைப் பகலாக்கும் விளக்கு வரிசை ஆகியவையே அல்லவா? இவற்றுள் ஓடுபாதையே இல்லாத ஒரு விமான நிலையம் உண்டு. அது நாள்தோறும் இருமுறை கடலுக்குள் மூழ்கி, மீண்டும் வெளிப்படுகிறது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் ஓயாது மோதும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில் பாரா என்னும் சிறு தீவு உளது. அங்கு வாழ்வோர் சுமார் 1,200 பேர். கேலிக் மொழி இன்னும் அவர்கள் நாவில் வாழ்கிறது. மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் இத்தீவை அடைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். கிளாஸ்கோ நகரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் போதும். நாம் விமானத்தையே தேர்ந்துகொண்டோம்.

19 பேர் மட்டுமே அமரக்கூடிய ட்வின் ஒட்டர் என்னும் சிறு விமானம் அது. இரு சிறகுகளிலும் சுழல்விசிறிகள் இரைந்தன. கீழே தீவுகள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. இறங்கும் வேளை நெருங்கியபோது எட்டிப் பார்த்தோம். பாதை எங்கே? வெண்மணற் பரப்பும், ஆங்காங்கே தேங்கி நின்ற கடல்நீருமே தென்பட்டன. சக்கரங்கள் ஈரமணலைத் தொட்டதும் நீர்த்திவலைகள் இருபுறமும் தெறித்தன. அடுத்த சில நொடிகளில் விமானம் அமைதியாக நின்றது. படிகளில் இறங்கி, கடற்கரையில் கால் வைத்தோம்.

இந்த மணற்பரப்பைத் திராய் வோர் என்கின்றனர். பெரிய கடற்கரை என்பது பொருள். 1936-ஆம் ஆண்டு முதல் இது விமான நிலையமாகப் பயன்பட்டு வருகிறது. மூன்று ஓடுபாதைகள் ஒரு முக்கோணமாக அமைந்துள்ளன. காற்று எத்திசையிலிருந்து வீசினும், அதனை எதிர்கொண்டு இறங்குவதற்கு அவற்றுள் ஒன்று ஏற்றதாக இருக்கும். பாதைகளின் முனைகளில் நாட்டப்பட்ட மரக்கம்பங்களே அடையாளம். கடல் ஏறும்போது இவை அனைத்தும் நீருக்குள் மறைந்துவிடும். காலம் குறித்து வந்துபோகும் பயணிகள் விமானங்கள், ஏறிவற்றும் கடற்கரை மணலிலேயே இறங்கும் நிலையம் உலகில் இது ஒன்றே என்பர்.

ஆகவே, இங்குக் கால அட்டவணையை வகுப்பவர் முதலில் கடலைக் கலந்துகொள்ள வேண்டும்! ஓதம் ஒருமுறை ஏறி மறுமுறை ஏறுவதற்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இதனால் நாளுக்கு நாள் அந்நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. விமானம் வரும் வேளையும் அதற்கு இயைய மாறுகிறது. எத்துணைப் பெரிய மனிதர் அவசரப்பட்டாலும் கடல் தன் முறையை மாற்றிக்கொள்வதில்லை.

இம்மணல் விமானத்திற்கு மட்டும் உரியதன்று. தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி பொறுக்கும் இடமும் இதுவே. காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் கம்பத்தில் பறந்தால், விமானம் வரவிருக்கிறது என்று அறிந்து அனைவரும் மணலைவிட்டு விலகி நிற்கின்றனர். விமானம் சென்றபின் மீண்டும் கூடையுடன் இறங்குகின்றனர். ஒரே நிலத்தைக் கடலும் விமானமும் எளிய மக்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அழகை இங்குக் கண்டோம். வேலியை விட, அவரவர் முறையை மதிக்கும் வழக்கமே இங்குக் காவல் செய்கிறது.

வேடிக்கைக்காக வருவோருக்கு இஃது ஓர் அதிசயக் காட்சி. தீவினருக்கோ இது வாழ்வின் கயிறு. காசில்பே என்னும் ஊரில் ஒரு சிறு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை வேண்டுவோர் கடல் கடந்தே செல்ல வேண்டும். குளிர்காலப் புயலில் கப்பல் நின்றுபோகும் நாள்கள் உண்டு. மணலில் நிலையான விளக்குகள் இல்லாமையால் விமானங்கள் பகலில் மட்டுமே வருவது வழக்கம். எனினும் உயிர்காக்கும் அவசரம் நேரிடின், ஒளியை எதிரொளிக்கும் பட்டைகளை மணலில் விரித்து, வாகனங்களின் முகப்பு விளக்குகளை ஏற்றி, இருளிலும் விமானத்தை இறக்குவதுண்டு. யாரோ ஒரு தாய்க்காக, யாரோ ஒரு குழந்தைக்காகக் கடற்கரையில் ஏற்றப்படும் அந்த விளக்குகளை எண்ணிப் பார்த்தோம். மாநகரங்களின் ஆயிரம் விளக்குகளை விட அவை நம் உள்ளத்தில் ஒளிமிக்கனவாகத் தோன்றின.

இறுதிப் பயணமும் இம்மணல் வழியே வந்ததுண்டு. காம்ப்டன் மெக்கன்சி என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் இக்கடற்கரையின் அருகே வீடு கட்டி வாழ்ந்தவர். 1914-இல் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தவர். 1972-இல் எடின்பரோ நகரில் அவர் காலமானபோது, அவரது உடல் விமானத்தில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. நிலையத்திற்கு வடக்கே, பழைய கில் பாரா ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். அந்த அடக்கத்தில் அவருடைய முதிய நண்பர் ஒருவர் பைக்குழல் இசைத்தார். அன்றே அவரும் மயங்கி விழுந்து உயிர்நீத்தார். நட்பின் ஆழத்திற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தீவின் உயரமான ஹீவல் மலைச்சரிவில், 1954-ஆம் ஆண்டு மரியன்னை ஆண்டில், கடலின் விண்மீனாகிய தேவதாயின் வெண்சிலை நிறுவப்பட்டது. கடலை நம்பி வாழும் மக்கள் தேர்ந்த பெயர் அது. காசில்பே ஆலயமும் 1888 முதல் அப்பெயராலேயே விளங்குகிறது.

அன்பார்ந்த வாசகர்களே, இயற்கையை வென்றுவிட்டோம் என்று பேசும் காலம் இது. பாரா மக்கள் கடலை வெல்ல முயலவில்லை. அது விலகும் வேளையை அறிந்து, அவ்வேளையை வீணாக்காமல் வாழக் கற்றுள்ளனர். காத்திருக்கத் தெரிந்தவர்களே, பிறர் உயிருக்கு ஆபத்து நேர்கையில் சற்றும் காத்திராமல் விளக்கேந்தி ஓடுகின்றனர். எதற்குப் பொறுத்திருக்க வேண்டும், எதற்கு விரைய வேண்டும் என்று பகுத்தறிவதே அறிவுடைமை. அவ்வறிவை அச்சிறு தீவில் கண்டோம்.

நாம் ஏறிய விமானம் மீண்டும் வானில் எழுந்தபோது, அலைகள் திராய் வோரை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. சக்கரங்கள் பதித்த தடங்களை அவை இன்னும் சிறிது நேரத்தில் அழித்துவிடும். நாளைய விமானத்திற்குப் புதிய பாதையை விரித்து வைக்கும்.