பெயின்ட் அடிக்க முதல் விரலால் ஒருக்கா தடவிப் பாருங்கள்



வெயிலில் நின்று வெளிறிப்போன வாகனம் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமியிடம் ஒரு மாருதி 800 இருந்தது. மாமா மௌத்தான பிறகு அதை ஓட்ட ஆளில்லை. நாலு வருடமாக முற்றத்தில் மதிலோரம் வெயிலிலும் மழையிலும் நின்றது. சிவப்புக் கார் என்று நாங்கள் சொல்வோம். புதிதாகப் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பொனட்டும் கூரையும் செங்கல் தூள் நிறத்துக்கு வந்து, அங்கங்கே வெள்ளைப் படலமாக இருந்தன. கதவைத் திறந்தால் உள்விளிம்பில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே மினுங்கும்.

மகளின் கடைசி வருடப் படிப்புச் செலவுக்காக மாமி அதை விற்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனத்துக்கு வந்த மரியாதை எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்ட பிறகும் புதியதன் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான். அப்படியிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் பொனட்டைப் பார்த்ததும் விலையைக் குறைத்தார்கள். ஒரு கராஜில் கேட்டதற்கு, "முழுக்க பெயின்ட் அடிக்காமச் சரிவராது" என்று சொல்லி ஒரு கணக்கும் தந்தார்கள். அது ஓர் ஆசிரியரின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பெயின்டரிடம் போய்க் கேட்டால் பெயின்ட் என்றுதானே வரும்.

விடுமுறையில் நாங்கள் இறங்கினோம். நாங்கள் என்றால் தம்பியும் நானும். தம்பி கொழும்பில் சில வருடம் கட் அண்ட் பொலிஷ் வேலை பார்த்தவர். நமது பங்கு வாளியும் துணியும்.

முதலில் காரைக் கழுவிக் காயவிட்டு பொனட்டை விரலால் தடவினோம். விரலில் சிவப்பு ஒட்டியது, வகுப்பில் வெண்கட்டி ஒட்டுவது போல. தம்பி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். காரணம் இதுதான். பெயின்டில் நிறத்தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் இருக்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றின் ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து மேலே இருக்கும் பிசினை மெதுவாகச் சிதைக்கின்றன. பிடி விட்ட நிறத்தூள் மேலே மாவாக நிற்கிறது. மேற்பரப்பு கரடாகிவிடுவதால் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். செத்தது மேல்தோல் மட்டும். கீழே நல்ல பெயின்ட் இருக்கிறது. சிவப்பு நிறத்துக்கு வெயில் தாங்கும் சக்தி குறைவு என்பதால் அதில் இது சீக்கிரம் தெரியும்.

ஆனால் எல்லா வாகனத்திலும் விரலில் நிறம் வராது. இப்போதைய வாகனங்களிலும் மெட்டாலிக் நிறங்களிலும் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கும். அது மங்கி மட்டும் போயிருந்தால் பொலிஷ் பண்ணலாம். வெடித்து, பாம்புச் சட்டை போல உரிய ஆரம்பித்துவிட்டால் எந்த மெஷினாலும் திருப்ப முடியாது. எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு அயல்வீட்டு நானா தன் வெள்ளி நிற வேனைக் கொண்டுவந்தார். கூரை முழுக்க உரிந்திருந்தது. "இதுக்குத்தான் பெயின்ட் வேணும் நானா" என்று தம்பி சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. வேறு என்ன சொல்ல?

இன்னொன்றும் விளங்கிக்கொள்ள வேண்டும். போட்டோகொப்பிக் கடதாசி ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீற்றர். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ அவ்வளவு அல்லது அதைவிடச் சற்றுக் கூட. கிளியர் கோட் அதில் பாதியும் வராது. பொலிஷ் பண்ணுவது என்றால் அந்தக் கடதாசிக் கனத்திலிருந்து கொஞ்சத்தைச் சுரண்டி எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. வருடா வருடம் பெருநாளுக்கு கட் அண்ட் பொலிஷ் செய்பவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும்.

அதனால் தம்பி ஒரேயடியாகத் தொடங்கவில்லை. களிமண் போன்ற ஒரு கட்டியால், சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஒட்டியிருந்த தூசு துணிக்கைகளை எடுத்தார். இறப்பர் ஓரங்களுக்கும் கூர்மையான விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினார். விளிம்பில் பெயின்ட் மெல்லிசு, மெஷின் முதலில் தின்பது அங்கேதான். பிறகு பொனட்டின் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும், மென்மையான ஸ்பொஞ்சாலும் மென்மையான பொலிஷாலும். அது போதவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பளி வட்டும் கரடான கொம்பவுண்டும் வந்தன. மெஷின் ஒரே அச்சில் சுழல்கிறது என்பதால் ஒரே இடத்தில் நிற்க விடக்கூடாது. சூடு ஏறி பெயின்ட் எரிந்துவிடும். இரண்டு தடவை போனதும் புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் அடுத்த பகுதிக்குப் போவார். வெயிலில் இந்த வேலையே ஆகாது. மாமரத்து நிழல் நகர நகர நாங்களும் காரைத் தள்ளிக்கொண்டே இருந்தோம்.

கம்பளி வட்டு ஐந்து நிமிடத்தில் சிவந்துவிடும். செத்த பெயின்ட் அதில் அப்பிக்கொண்டால் அது வெட்டாது, கீறத்தான் செய்யும். ஆகவே நமது வேலை அதை பிரஷால் தட்டிச் சுத்தமாக்குவது. வாளித் தண்ணீர் நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்தது. முதல் பகுதியைத் துணியால் துடைத்தபோது அந்தச் சதுரத்துக்குள் மாமரத்துக் கிளை தெரிந்தது. மாமி குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனா. கொஞ்ச நேரத்தில் பிளேன்டீ வந்தது.

இரண்டு நாள் எடுத்தது. கம்பளி விட்ட வட்டக் கோடுகளை மென்மையான பொலிஷால் எடுத்து, கடைசியில் மெழுகு பூசினோம். மெழுகு பூசாமல் விட்டால் திறந்த பெயின்ட் சில மாதத்தில் திரும்ப மாவாகிவிடும்.

கூரையின் பின்மூலையில் மட்டும் ஒரு பிரச்சினை. உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் வெயிலிலேயே தேய்ந்து, சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. மெஷின் அங்கே போகுமுன்பே அப்படித்தான் இருந்தது. வெள்ளைப் படலம் போனதும் தெளிவாகத் தெரிந்தது. விற்றுத்தர வந்த புரோக்கர் அதைக் கண்டதும் வழி சொன்னார். கடையில் சிவப்பு ஸ்ப்ரே டின் ஒன்று எடுத்து லேசாக அடித்து, மேலே எண்ணெய்ப் பொலிஷ் போட்டு, மக்ரிபுக்குப் பிறகு காட்டச் சொன்னார். லைட் வெளிச்சத்தில் தெரியாதாம்.

மாமி எங்களைப் பார்த்தா. "சொல்லாம விட்டா என்ன மகன், அவங்களா பார்த்துக்கொள்ளட்டுமே?" என்றா. அவவுக்குத் தேவைப்பட்ட காசு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே உடனே பதில் சொல்ல வரவில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். மாமிக்கும் அது தெரியாததல்ல. தம்பிதான் மெதுவாகச் சொன்னார்: "மாமி, இது மாமாட கார். பகல்ல காட்டுவோம்."

சம்மாந்துறைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் லுஹருக்குப் பிறகு வந்தது. புதுப் பெயின்ட் அல்ல, பழையதைத்தான் பொலிஷ் பண்ணியிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, ஏணி வைத்து கூரை மூலையையும் காட்டினோம். அவர் விலையில் இருபத்தையாயிரம் குறைத்தார். மாமி முதலில் முகம் சுருக்கி, பிறகு சம்மதித்தா. ஆனாலும் பொலிஷ் பண்ண முதல் கேட்ட விலைகளை விட அது நல்ல கூட. சாமான்களுக்குப் போன காசு கராஜ்காரர் சொன்னதில் பத்தில் ஒன்றும் வராது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையின் கட்டணம் கட்டியாகிவிட்டது.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு விசயம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். இரண்டு நாள் மினுங்கும், பிறகு தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். குருவி எச்சத்தைக் காயவிடாதீர்கள். மண் ஒட்டிய வாகனத்தின் மேல் கவர் போட்டு இழுத்தால் அது அரத்தாள் வேலையைச் செய்யும். மாவாகிப்போன பெயின்டுக்கு மேலேயே தேய்க்காமல் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் விட்டுவிட்டு வாருங்கள், அது உரியும்.

மெஷின் எங்களுடையதல்ல, தம்பி இரவல் எடுத்தது. இந்த மாதம் முடியும் வரை வீட்டில் இருக்கும். உங்கள் வாகனத்துக்குப் பொலிஷ் போதுமா, பெயின்ட்தான் வேண்டுமா என்று பார்க்க விரும்புபவர்கள் கழுவிக் காயவைத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு வாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.