பொது வளவில் ஒரு கொட்டில்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று வீடாக இருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். எங்கள் வீட்டுக் கதைதான். தங்கச்சியிடம் வாசித்துக் காட்டி, அவள் சரி சொன்ன பிறகுதான் போடுகிறோம்.

கிழக்கில் எங்கள் ஊர் வழமை தெரியும்தானே, வீடு பெண் பிள்ளைக்கு. வாப்பா 18 பேர்ச் வளவை மூன்று பெண் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். முன்னுக்கு ராத்தா, நடுவில் நாங்கள், பின்னுக்கு தங்கச்சி. உம்மா தங்கச்சியோடு. கிணற்றையும், கிணற்றடி நிலத்தையும், வீதிக்குப் போகிற வழியையும் பிரிக்காமல் மூவருக்கும் பொது என்று உறுதியில் எழுதிவிட்டார். அந்தக் கிணற்றடியில்தான் எல்லாம் நடந்தது.

2022 ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பாடசாலையும் இல்லை. ஊரே விறகுக்கும் சைக்கிளுக்கும் திரும்பிய காலம். எங்களுக்கும் விறகு அடுக்க இடம் தேவைப்பட்டது. கிணற்றடி மூலையில், வழி திரும்புகிற இடத்தில், பத்தடிக்கு எட்டடி. நாலு தூண், மேலே தகரம். உம்மாவிடம் கேட்டோம். "போடுங்க புள்ள" என்றார். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி அப்போது பிள்ளையின் வைத்தியத்துக்காக கண்டிக்குப் போயிருந்தாள். ஓடாவிக்கு அந்தக் கிழமைதான் நேரம் இருந்தது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மை என்னவென்றால், அவள் நின்றால் கேட்க வேண்டி வரும்.

நாலு நாளில் வந்தாள். கொட்டிலைப் பார்த்தாள். "நல்லா இருக்கு ராத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டோம் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகையில் மாரி தொடங்கியது. தகரத்துக்குப் பீலி போடவில்லை. கூரைத் தண்ணீர் முழுவதும் அவளுடைய குசினிச் சுவரடியில் விழுந்தது. முன்பு கிணற்றடியால் வழிந்து கானுக்குப் போன மழைத் தண்ணீரும் எங்கள் விறகில் முட்டித் திரும்பியது. ஒரு சுபஹ் நேரம் அவள் எழும்பிப் பார்த்தால் அரிசி மூட்டை தண்ணீருக்குள். பேச்சு வந்தது. சொல்லக்கூடாததும் வந்தது. அடுத்த கிழமை தங்கச்சியின் மாப்பிள்ளை வழியின் மற்றப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்று இரண்டு தூண் நட்டார். "நீங்க போட்டா நாங்களும் போடுவம்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை, கோபம் மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு ஆள் குடியியற் கல்வி படிப்பிக்கிறவர். பிள்ளைகளுக்குப் பிணக்குத் தீர்ப்பதைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு வந்து, வாசலில் தங்கச்சிக்கு முகம் கொடுக்காமல் உள்ளே போனது அந்த ஆள்தான்.

நாங்கள் சரி என்று நிரூபிப்பதற்காகத்தான் சட்டம் கேட்கப் போனோம். முதலில் உள்ளூராட்சி சபைக்கு. அங்கே இருந்தவர் கொட்டிலின் அளவைக் கேட்கவில்லை. "காணி யாருட பேர்ல? மற்றவங்க எழுத்தில சம்மதம் தந்திருக்காங்களா?" என்றார். சபை எல்லைக்குள் கட்டடம் எழுப்புவதென்றால் முன்கூட்டியே வரைபடம் கொடுத்து எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்பது 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. தகரக் கொட்டில்தானே என்று நாமே முடிவெடுக்காமல் கேட்டுவிடுவது நல்லது.

பிறகு தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். அவர் சொன்னதுதான் எங்கள் வாயை அடைத்தது. பிரிபடாத காணியில் மூன்றிலொரு பங்கு என்றால் ஒரு மூலை உங்களுடையது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிடி மண்ணிலும் மூவருக்கும் பங்கு. நடக்கலாம், தண்ணீர் அள்ளலாம், அந்த இடம் எதற்காக விடப்பட்டதோ அதற்குப் பாவிக்கலாம். மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. அவர்கள் நீதிமன்றம் போனால் தடுக்கலாம். "10 வருஷம் இருந்தா எங்களுக்கு உரிமை வந்திடாதா?" என்று கேட்டோம் (கேட்டதை மறைக்கவில்லை). கூட்டுச் சொந்தக்காரருக்கு எதிராக அது லேசில் ஓடாது, அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை வெளியே தள்ளி வைத்திருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார். தங்கச்சியை வெளியே தள்ளினோம் என்று நாங்களே நிரூபிப்பதா?

கடைசி வழி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி வழக்குப் போடுவது. நில அளவையாளர், ஆணைக்குழு, வருடக் கணக்கு. துண்டு போட முடியாத சிறிய காணியை விற்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். வாப்பா தோண்டிய கிணறு ஏலத்தில் போகும்.

மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றும் யோசித்தோம். அது பல ஊர்களில் வார இறுதியில் பாடசாலைகளில்தான் கூடும். படிப்பிக்கிற வகுப்பறையில் தங்கச்சிக்கு எதிரே வாங்கில் இருப்பதை நினைக்கவே முடியவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு அஸருக்குப் பிறகு உம்மா ஊன்றுகோலோடு கிணற்றடிக்கு வந்தார். எங்கள் கொட்டிலுக்கும் மருமகனின் தூணுக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். கை முழுதாக விரியவில்லை.

"நான் மவுத்தானா சந்தூக்கு எதால போற?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. உம்மா இருப்பது பின்வீட்டில். வழி அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு கொட்டிலைக் கழற்றினோம். கூப்பிடாமலே தங்கச்சியின் மாப்பிள்ளை வந்து தகரத்தைப் பிடித்தார். அன்று மாலையே அவருடைய தூண்களும் வெளியே வந்தன. கொட்டிலை எங்கள் சொந்தத் துண்டில், ஆறடிக்கு ஆறடியாகச் சுருக்கி, இந்த முறை சபையில் கேட்டு, பீலியும் போட்டுத் திரும்ப எழுப்பினோம். விறகு பாதிதான் அடங்கும். காஸ் வந்துவிட்டது, பரவாயில்லை.

இஷாவுக்குப் பிறகு ராத்தா வீட்டில் மூன்று குடும்பமும் இருந்து ஒரு தாளில் எழுதினோம். பொது நிலத்தில் யாரும் தூண் நடுவதில்லை. தற்காலிகமாக என்ன வைப்பதென்றாலும் மூவரின் ஒப்பமும் வேண்டும், ஒருவர் ஊரில் இல்லையென்றால் வரும்வரை பொறுக்க வேண்டும். அவரவர் கூரைத் தண்ணீர் அவரவர் பக்கம். வழியின் அகலம் சந்தூக்கு தூக்குகிற ஆட்கள் இரண்டு பக்கமும் நடக்கிற அளவு. கடைசியைச் சொன்னது உம்மா. தாள் இப்போது உறுதியோடு உம்மாவின் அலுமாரியில்.

போன கிழமை தங்கச்சிக்குக் கிணற்றடியில் உடுப்புக் கொடி கட்ட வேண்டி வந்தது. தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "ராத்தா, கயித்துக்கும் ஒப்பம் வேணுமா?"

சிரித்தோம். ஒப்பமும் வைத்தோம்.