எடுத்தாச்சு

2025 பெப்ரவரி 26ஆம் திகதி நியூயோர்க்கில் மிஷேல் டிராக்டன்பெர்க் என்ற நடிகை காலமானார். வயது 39. அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. என் மகளுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. வேலையால் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று, "அம்மா, டோன் செத்துப்போனா" என்றாள். நான் எங்கள் ஆட்கள் யாரோ என்று பதறி, "எந்த டோன்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்டேன்.

டோன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் பதின்ம வயதுப் பெண். தொடரின் பெயர் 'பஃபி த வம்பயர் ஸ்லேயர்'. 1997 முதல் 2003 வரை ஏழு பருவங்கள் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. கலிபோர்னியாவில் சனிடேல் என்றொரு கற்பனை ஊர். அந்த ஊருக்கு அடியில் நரகத்தின் வாசல் இருக்கிறது. அதனால் இரத்தம் குடிக்கும் வம்பயர்களும் பிசாசுகளும் அங்கே வந்து குவிகின்றன. அவற்றை அழிக்கப் பிறந்தவள் பஃபி. டோன் அவளுடைய தங்கை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மகள் இதை மடிக்கணினியில் முழுவதுமாகப் பார்த்து முடித்தாள். அறைக்குள் அலறல் கேட்கும்போதெல்லாம், "இரவில உந்தப் பேய்ப்படங்களைப் பார்க்காதை" என்று குசினியில் இருந்து கத்துவேன். அந்தத் தொடரோடு எனக்கிருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அந்த வாரச் சனிக்கிழமை, "ஒரேயொரு எபிசோட் என்னோட இருந்து பாருங்கோ அம்மா" என்றாள். "பேய் இல்லை. கடைசியில மட்டும் ஒண்டு வரும்."

ஐந்தாம் பருவத்தின் பதினாறாவது அத்தியாயம். 'த பொடி', அதாவது 'உடல்' என்பது தலைப்பு. 2001 பெப்ரவரி 27 அன்று முதலில் காட்டப்பட்டது. தொடரை உருவாக்கிய ஜொஸ் வீடனே எழுதி இயக்கியிருக்கிறார்.

பஃபி வீட்டுக்கு வருகிறாள். அம்மாவுக்கு யாரோ அனுப்பிய பூக்கள் வந்திருக்கின்றன. அம்மாவைக் கூப்பிடுகிறாள். அம்மா சோபாவில் கிடக்கிறார். கண்கள் திறந்தபடி. சில வாரங்களுக்கு முன் மூளையில் கட்டி எடுத்து, தேறி வந்தவர். இப்போது மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கடித்த வம்பயரும் இல்லை, ஏவிய சூனியமும் இல்லை. நாளாந்தம் பேய்களோடு அடிபடும் பிள்ளை நெஞ்சை அமுக்குகிறாள், வாயில் ஊதுகிறாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டு பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை" என்றேன். "கூட ஒண்டும் இல்லை அம்மா. இதில மியூசிக்கே இல்லை" என்றாள் மகள். உண்மைதான். முழு அத்தியாயத்திலும் பின்னணி இசை கிடையாது. பிள்ளைகள் எங்கோ விளையாடும் சத்தம் வருகிறது. காற்று வருகிறது. அழு என்று சொல்லித்தர ஒரு வயலின்கூட இல்லை.

பிறகு பஃபியின் ஆசான் ஜைல்ஸ் ஓடி வருகிறார். தாயைத் தூக்கி உயிர் கொடுக்கப் பார்க்கிறார். உடலை அசைக்கக்கூடாது என்று பஃபி கத்துகிறாள். கத்திவிட்டு அப்படியே உறைந்துபோகிறாள். 'அம்மா' என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் அவள் வாயில் 'உடல்' என்று வந்துவிட்டது.

அந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர்ச் செத்தவீடுகள் நினைவுக்கு வந்தன. ஒரு மனுசி காலையில் 'பொன்னம்மாக்கா'வாக இருப்பா. மதியம் உயிர் போனால், பின்னேரம் படலையடியில் நிற்பவர்கள், "பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. பந்தல் போட வேண்டும், பறைக்குச் சொல்ல வேண்டும், விறகு பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பத்துப்பேர் வந்து கேட்கக் கேட்கத்தான் வீட்டுக்காரருக்கும் விசயம் விளங்கும். எனக்கு அந்தக் கேள்வியை யாரும் வந்து கேட்கவில்லை.

அடுத்த காட்சியில் டோன் பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டிருக்கிறாள். தாய் இறந்தது தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. யாரோ ஒரு பெட்டை அவளைப்பற்றிக் கதை கட்டிவிட்டாளாம். அதற்காக அழுகிறாள். பிறகு சித்திர வகுப்பில் ஒரு பொடியன் அன்பாக இரண்டு வார்த்தை கதைக்கிறான். முகம் மலர்ந்துபோகிறது. அந்நேரம் தமக்கை வாசலில் வந்து நிற்கிறாள். இருவரும் வகுப்புக்கு வெளியே போகிறார்கள். நாங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். பஃபி சொல்வது கேட்பதில்லை. டோன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்து, நிலத்தில் விழுவது மட்டும் தெரிகிறது.

"அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்றாள் மகள். படத்தை நிறுத்தினாள்.

2000ஆம் ஆண்டு மே மாதம். ஆனையிறவு முகாம் ஏப்ரலில் விழுந்து, சண்டை தென்மராட்சிக்குள் வந்திருந்தது. சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. அம்மாவும் சாவகச்சேரி வீட்டை விட்டு, கரவெட்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் ஸ்காபரோவில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்டில், ஐந்து மாத வயிற்றோடு இருந்தேன். வயிற்றில் இருந்தது இப்போது ரிமோட்டோடு பக்கத்தில் இருந்தவள்.

ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, மனதைத் திடப்படுத்து. அக்கா எங்களை விட்டுப் போட்டா" என்றார். என் வாயில் முதலில் வந்தது, ஊரில் எல்லோரும் கேட்கும் அதே கேள்வி. "எப்ப எடுக்கினம் மாமா?"

"எடுத்தாச்சு பிள்ளை. திங்கக்கிழமையே எடுத்தாச்சு."

மாமா என் கணவருக்குத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி அதிர்ச்சி தாங்கமாட்டாள், நாலு நாள் போகட்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். தெரிந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது. ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது. கையில் விசா இல்லை, வயிற்றில் பிள்ளை. ஊரில் இருந்திருந்தால்கூட வயிற்றோடு செத்தவீட்டுக்குப் போகவிட மாட்டார்கள். எல்லோரும் எனக்கு நல்லதைத்தான் செய்தார்கள். இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த நாலு நாட்கள் இருக்கின்றனவே. செவ்வாய்க்கிழமை மசக்கைக்கு மாங்காய் கேட்டேன். இவர் மூன்று கடை ஏறி வாங்கி வந்தார். வழக்கமில்லாமல் கோப்பைகளும் கழுவினார். நான் பகிடி பண்ணிச் சிரித்தேன். புதன்கிழமை பிள்ளைக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். வியாழக்கிழமை அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பெண்பிள்ளை என்று சொல்கிறார்கள், உங்கடை மூக்கு வராமல் இருந்தால் சரி என்று எழுதினேன். தபாலில் போடுகிறேன் என்று இவர் வாங்கிக்கொண்டு போனார். போட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மாமாவின் அழைப்புக்குப் பிறகு பக்கத்து அப்பார்ட்மென்ட் மாமி வந்து, "வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு அழக்கூடாது" என்றா. நான் அழவில்லை. பிள்ளை பிறந்த பிறகு அழலாம் என்று நினைத்திருந்தேனோ தெரியாது. பிறந்த பிறகு நேரம் கிடைக்கவில்லை.

இதுவரை மகளுக்கு நான் சொல்லியிருந்தது, "அம்மம்மா சண்டை நேரத்தில செத்தவ" என்ற ஒரு வசனம்தான். இப்போது மிச்சத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப என்னாலதான் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றாள்.

"நீ என்ன செய்வாய்? நீ அப்ப இவ்வளவுதான்" என்று கையைக் காட்டினேன். அவளுடைய முகம் மாறவில்லை. "உன்னாலதான் நான் எழும்பித் திரிஞ்சனான்" என்றேன். அதுவும் உண்மைதான். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் படத்தை ஓட விட்டாள்.

அன்யா என்று ஒருத்தி வருகிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிசாசாக இருந்து மனுசியானவள். என்ன செய்ய வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லோரையும் கேட்டு எரிச்சலூட்டுகிறாள். கடைசியில் உடைந்துபோய், அந்த அம்மா இனி முட்டை சாப்பிடமாட்டா, கொட்டாவி விடமாட்டா, தலை வாரமாட்டா, ஏன் என்று யாருமே சொல்கிறார்கள் இல்லை என்று அழுகிறாள். ஆயிரம் வருசம் இருந்தவளுக்கே இது விளங்கவில்லை என்றால் எனக்கு விளங்காததில் வெட்கமில்லை என்று பட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்தியர், தாய்க்கு வலியே தெரிந்திருக்காது என்கிறார். பஃபியின் காதில் ஒரு கணம், உன் ஆறுதலுக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்வதுபோலக் கேட்கிறது. வைத்தியர் நல்ல மனிதர்தான். என் கணவரும் நல்ல மனிதர்தான். இருபத்தைந்து வருடமாக எனக்கு அவரில் இருந்த கோபத்துக்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. அன்பான பொய்க்கும் நன்றி சொல்ல வேண்டியிருப்பதுதான் அந்தக் கோபம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

முடிவில் டோன் யாருக்கும் தெரியாமல் பிரேத அறைக்குப் போகிறாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற பிடிவாதம். அங்கே, துணி மூடிய வேறொரு பிணம் வம்பயராக எழும்புகிறது. பஃபி வந்து அதை அழிக்கிறாள். அந்தத் தொடரில் செத்தவர்கள் எழும்புவது வாராவாரம் நடப்பதுதான். யாரோ முகம் தெரியாதவன் எழும்புகிறான், அம்மா மட்டும் அப்படியே கிடக்கிறார். சண்டையில் தாயின் முகத்தை மூடியிருந்த துணி விலகுகிறது. டோன் தொடுவதற்கு விரலை நீட்டுகிறாள். விரல் படுவதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அடுத்த அத்தியாயத்தின் கதையை மகள் வாயால் சொன்னாள். டோன் மந்திரம் செய்து தாயைத் திருப்பி அழைக்கிறாள். ஏதோ ஒன்று நடந்து வருகிறது. வாசற்கதவு தட்டப்படுகிறது. கடைசி நேரத்தில் டோன் தாயின் படத்தைக் கிழிக்கிறாள். கதவைத் திறந்தால் யாரும் இல்லை.

அந்தத் தட்டல் எனக்குப் பழக்கமானது. வருடத்தில் இரண்டு மூன்று தரம் கனவில் அம்மா எங்கள் கதவடிக்கு வருவா. வெறுங்காலோடு பனியில் நிற்பா. "திற பிள்ளை, குளிருது" என்பா. ஊரிலென்றால் இப்படி அலையும் ஆவிக்குக் கழிப்புக் கழிப்பார்கள். அம்மாவின் ஆவிக்கு ஒரு குறையும் இல்லை. முறைப்படி எட்டும் அந்தியேட்டியும் செய்திருக்கிறார்கள். அலைந்தது நான்தான். 2003இல் பாதை திறந்திருந்தபோது போய், சித்தி வீட்டு அறையில் நின்றேன். "இதிலதான் கிடத்தினது" என்று சித்தி காட்டினா. நான் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். சித்திக்கு 84 வயது. காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. "சித்தி, அம்மாவை எடுக்கேக்கை என்ன சீலை உடுத்தினது?" என்று கேட்டேன்.

சித்தி திடுக்கிடவில்லை. கேட்பேன் என்று காத்திருந்தவபோலச் சொல்லத் தொடங்கினா.

"என்ரை ஊதாச் சீலை. அக்கா உடுத்த உடுப்போடதானே வந்தவ. குளிப்பாட்டினது நானும் தெய்வானையும். வாய் கொஞ்சம் திறந்து கிடந்தது, நாடியைக் கட்டினது. தலைமுடி சிக்குப்பட்டுக் கிடந்தது பிள்ளை, ஓடி வந்த புழுதி. நான் எண்ணெய் வைச்சு மெல்ல மெல்ல இழுத்துவிட்டனான். அரை மணித்தியாலம் எடுத்தது. எல்லாரும் நேரமாகுது, நேரமாகுது எண்டு சத்தம் போட்டவை. நான் விடேல்லை."

"பிறகு?" என்றாள் என் மகள்.

"பிறகு என்ன மோனை, நாலு மணிக்கு எடுத்தது" என்றா சித்தி.