படகில் பங்கு, பழுதில் பங்கு

 

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பனமலை எங்கள் ஊர். ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கற்றளி நிற்கும் குன்றும் அதன் அடிவாரத்து ஏரியுமே ஊரின் அடையாளங்கள். ஏரிநீரை நம்பியே எங்கள் பாட்டனாரும் அத்தாவும் பயிர் செய்தார்கள். கோடையில் ஏரி வற்றியதும், நீர் பாய்ச்சிக்கொள்ளும் ஒவ்வொரு குடும்பமும் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பிக் கரைக்கு மண் போட்டதையும், மதகையும் வாய்க்காலையும் சீர் செய்ததையும் அத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். "தண்ணியில பங்கு வாங்குறவன் கரையிலயும் பங்கு வாங்கணும்" என்பது அத்தாவின் வாய்மொழி. அதைக் கேட்டு வளர்ந்த நாங்களே அதை மறந்து நின்ற கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று சகோதரர்கள். மூத்தவருக்கு விவசாயம், நடுவருக்கு விழுப்புரத்தில் சிறு கடை, இளையவருக்கு மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணி. இதை எழுதுவது இளையவரின் கை. பேசுவது மூவரின் மனமும். எங்கள் அக்காவைக் கோட்டக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வளைகுடாவில் பல ஆண்டு உழைத்துத் திரும்பிய மச்சான், 2021-ஆம் ஆண்டு ஒரு ஃபைபர் படகு வாங்க விரும்பினார். அவரிடம் இருந்தது பாதித் தொகைதான். அத்தா மவுத்தான பிறகு நிலத்தின் ஒரு துண்டை விற்ற பணம் எங்கள் கையில் இருந்தது. "வட்டிக்கு வாங்குவதைவிட நாம் கூட்டாளிகளாக இருப்போம் தம்பி" என்றார் மச்சான். பாதி முதல் அவருடையது, பாதி எங்களுடையது என்று எழுதிக்கொண்டோம்.

படகு ஏறத்தாழ முப்பதடி நீளம். பின்புறம் 9.9 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு இன்ஜின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த மீனவர் நால்வர் அதில் தொழிலுக்குப் போனார்கள். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சும் பணத்தில் ஒரு பாதி தொழிலாளர்களுக்கு. மறுபாதி படகுக்கும் வலைக்கும். அந்த மறுபாதியை மச்சானும் நாங்களும் பகிர்ந்துகொள்வோம். மாதந்தோறும் மச்சான் கணக்கு அனுப்புவார். பனமலையில் இருந்தபடியே பணத்தைப் பெற்றுக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்போம். படகை நாங்கள் கண்ணால் கண்டது இரண்டே முறை.

படகு வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது அன்றாட வேலை என்பதைப் பிறகுதான் அறிந்தோம். ஏரிநீரை மட்டுமே கண்டு வளர்ந்த எங்களுக்கு, இரும்பை அரிக்கும் கடல்நீரின் குணம் தெரியாது. அவுட்போர்டு இன்ஜின் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளக் கடல்நீரையே உறிஞ்சுகிறது. அடிப்பகுதியில் உள்ள இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம் நீரை மேலேற்றி இன்ஜின் முழுதும் சுற்றவிடுகிறது. சுற்றிவரும் நீரில் ஒரு சிறு பகுதி பின்புறத் துளை வழியே கயிறுபோல் பீச்சி அடிக்கும். அந்த நீர்க்கயிறு மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது, அல்லது வழி அடைத்துக்கொண்டது என்று பொருள். அது நின்றுவிட்டால் இன்ஜினை அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

கரையேறியதும் நன்னீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் ஓட்டி உள்ளே தங்கிய உப்பைக் கழுவ வேண்டும். இதை முதன்முதலில் கேட்டபோது எங்களுக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. நாங்கள் கடற்பயணம் செய்கிறோம், கையிலிருக்கும் நன்னீர் கொஞ்சம், அதில் உளூச் செய்தால் தாகத்தில் தவிப்போம், கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். கடல்நீர் தூய்மைப்படுத்தக்கூடியதே என்றும், அதில் செத்தவை உண்ண ஆகுமானவை என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். மனிதனின் உளூவுக்குப் போதுமான அந்த நீர் இன்ஜினின் உட்புறத்துக்குப் பகையாகிறது.

இன்னும் உண்டு. கியர் எண்ணெயை இறக்கிப் பார்க்கையில் அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லர் தண்டில் நரம்பு சுற்றிக்கொண்டால் ஆயில் சீல் கிழிந்து அந்த வழியே நீர் ஏறும். இன்ஜினின் அடியில் ஆனோடு என்னும் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அரிப்பைத் தான் ஏற்றுத் தேய்ந்து மற்ற உலோகத்தைக் காப்பதே அதன் வேலை. கரைந்ததும் புதிதாக மாற்ற வேண்டும். மணலில் இழுத்து ஏற்றும் படகின் அடிப்பகுதி நாளடைவில் தேய்ந்து மேற்பூச்சு போய்விடும். அப்போது கண்ணாடியிழைக்குள் நீர் ஊறிப் படகு கனத்துவிடும். ஆண்டுக்கொரு முறையாவது நன்றாகக் காயவைத்து, மேட் ஒட்டி, ரெசின் பூசியாக வேண்டும்.

முதல் மழைக்காலத்தில் அலைக்கு அஞ்சி, படகை வடக்கே இடையன்திட்டுக் கழிமுகத்தில் கட்டிவைத்தார்கள். கழுவெளி ஏரியின் நீர் கடலில் கலக்கும் இடம் அது. ஒரு காலத்தில் மரக்காணத்திலிருந்து உப்பும் விறகும் ஏற்றிய ஓடங்கள் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்குச் சென்ற நீர்வழியும் அந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே அலை இல்லை. ஆனால் சேறு உண்டு. ஆழமற்ற நீரில் இன்ஜினை ஓட்டினால் சேறும் மணலும் உறிஞ்சப்பட்டு இம்பெல்லரைத் தின்றுவிடும். எங்கள் படகில் அதுவே நடந்தது.

2023 தொடக்கத்தில் மச்சான் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, இன்ஜினில் தண்ணீர் சரியாகப் பீச்சவில்லை. இம்பெல்லரையும் ஆனோடையும் மாற்ற வேண்டும். உங்கள் பங்கை அனுப்புங்கள்." ரமலான் செலவு முடியட்டும் என்றோம். பெருநாளுக்குப் பின் மீண்டும் கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம் என்றோம். மூன்றாம் முறை கேட்டபோது, "வருமானத்தில் கழித்துக்கொள்ளுங்கள் மச்சான், ஆனால் இந்த மாதம் வேண்டாம்" என்றோம். நாங்கள் பொய் சொல்லவில்லை, செலவுகள் உண்மையானவை. ஆயினும் அந்த மாதங்களில் எங்கள் பங்கு லாபம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதை வேண்டாம் என்று நாங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஜூலை மாதத்தில் ஒருநாள் விடியலுக்கு முன் சென்ற படகு நண்பகலாகியும் திரும்பவில்லை. அஸருக்குப் பின் மச்சான் அழைத்தார். நாங்கள் மூவரும் கோட்டக்குப்பம் சென்றுசேர்ந்தபோது மஃரிப் கடந்துவிட்டது. அது மேல்காற்றுக் காலம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. இன்ஜின் நின்ற படகை அது உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. குப்பத்துப் படகுகள் தேடச் சென்றிருந்தன. கடலோரக் காவலுக்கும் சொல்லியிருந்தார்கள். மணலில் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், படகோட்டியின் மனைவி, எழுந்து எங்களிடம் வந்தார்.

"பாய், படகு உங்களோடதுதானே?"

"ஆமாம்மா" என்றோம்.

"மூணு மாசமா இன்ஜினு சரியில்லன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். கேட்டுவிட்டு அமைதியாகத் தம் இடத்தில் போய் அமர்ந்துகொண்டார். அந்த இரவு முழுதும் தொழுதோம், துஆக் கேட்டோம். எங்கள் துஆவுக்குள்ளும் அவருடைய கேள்வி வந்து நின்றது.

ஃபஜ்ருக்குப் பின் வேறொரு குப்பத்துப் படகு எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. நால்வரும் உயிரோடு இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். வலை இழுக்கும் மும்முரத்தில் பீச்சும் நீர் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை; சூடேறி இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. உதடு வெடித்துப்போயிருந்த படகோட்டி எங்களைப் பார்த்து, "படகுக்கு ஒண்ணும் ஆகல பாய்" என்றார். எங்கள் முதலைப் பற்றித்தான் அவர் முதலில் பேசினார். அவருடைய உயிரைப் பற்றி மூன்று மாதங்களாக நாங்கள் நினைக்கவே இல்லை.

மதரஸாவில் ஒவ்வொரு வாரமும் ஸூரத்துல் கஹ்ஃபை ஓதிக்கொடுக்கும் வீட்டைச் சேர்ந்தவர்கள் நாங்கள். அதில் மூஸா (அலை) அவர்களுடன் சென்ற ஹிள்ரு (அலை) அவர்கள் ஒரு படகைப் பழுதாக்கும் வரலாறு வருகிறது. கடலில் உழைக்கும் ஏழைகளின் படகு அது. நல்ல படகுகளையெல்லாம் அபகரிக்கும் அரசன் ஒருவன் இருந்தான். அவன் கையிலிருந்து அதைக் காக்கவே அவர் அதைக் குறையுள்ளதாக்கினார். மாணவர்களுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். அங்கே, ஏழைகளின் பிழைப்பைக் காக்க அறிந்தே ஒரு பழுது உண்டாக்கப்பட்டது. இங்கே, ஏழைகளின் உயிர் பயணம் செய்யும் படகில் ஒரு பழுது இருப்பதை அறிந்தும் நாங்கள் அதை நீக்காமல் விட்டோம். அந்த வரலாற்றில் எங்களுக்கு யாருடைய இடம் என்று எண்ணியபோது உடல் நடுங்கியது.

எங்கள் ஆசிரியப் பெருந்தகை ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி விளக்கம் கேட்டோம். கூட்டு வணிகத்தில் லாபத்தை ஒப்புக்கொண்டபடி பகிரலாம், நட்டத்தை முதலின் விகிதப்படிச் சுமந்தே ஆக வேண்டும் என்னும் சட்டத்தை நினைவூட்டினார். அமானிதமாக ஒரு பொருளை வைத்திருப்பவர் மீது, அவர் கவனக்குறைவாக இல்லாதவரை, இழப்பீடு இல்லை. கவனக்குறைவு இருந்தால் பொறுப்பு உண்டு என்றும் சொன்னார். பிறகு, "பராமரிப்புச் செலவு லாபத்திலிருந்து நீங்கள் செய்யும் தயவு அல்ல, அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம்" என்றார். அப்படியானால் அந்த மூன்று மாதங்களில் நாங்கள் லாபம் என்று எண்ணி வாங்கியதில் ஒரு பகுதி லாபமே அல்ல.

அந்தத் தொகையைத் திருப்பிக்கொடுத்தோம். இன்ஜின் சரியாகும்வரை வேலையிழந்த நால்வருக்கும் எங்கள் பங்கிலிருந்து ஈடு செய்தோம். பழுதுபார்க்க ஆன செலவில், நாங்கள் தள்ளிப்போட்ட உதிரிப் பொருள்களின் விலை இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் முன்பணம் தர முன்வந்தார். கடன் தீரும்வரை அவரிடமே மீனைப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் கூடுதல் கழிவு தர வேண்டும் என்பது நிபந்தனை. கடனைக் கொண்டு பயன் பெறுவது ரிபாவின் வாசல் என்பதால் அதை மறுத்து, நடுவரின் மோட்டார் சைக்கிளை விற்றோம். சிறிய கடமையைத் தள்ளிப்போட்டவனைப் பெரிய ஹராம் வாசலில் வந்து அழைக்கும் என்பதை அன்று கண்டோம்.

இப்போது முறை மாறிவிட்டது. படகின் பங்கிலிருந்து முதலில் பத்தில் ஒன்றைப் பராமரிப்புக்கென எடுத்துவைத்த பிறகே மீதியைப் பகிர்கிறோம். இம்பெல்லரை ஆண்டுக்கொரு முறை, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், மாற்றுகிறோம். மாற்று இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், சில கருவிகள் அடங்கிய பெட்டி படகிலேயே இருக்கும். நான்கு உயிர்காப்பு அங்கிகள் உண்டு. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 என்னும் இரண்டு அவசர எண்களும் படகின் உட்புறம் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கின்றன. மாதத்தில் ஒருநாள் எங்களில் ஒருவர் கோட்டக்குப்பம் சென்று படகோட்டியுடன் அமர்ந்து, குறைகளைக் கேட்டு எழுதிவருகிறோம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. புயலுக்கு முன்பே டிராக்டர் வைத்துப் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள். இன்ஜினைக் கழற்றி இருவர் தூக்கிச்சென்று வீட்டுக்குள் வைத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது தவக்குல் வை என்னும் நபிமொழியின் பொருளை அன்றைய கயிற்று முடிச்சுகளில் கண்டோம். புயல் ஓய்ந்த பின் இறைவனருளால் படகு இருந்த இடத்தில் இருந்தது.

வாசகர்களில் பலர் ஆட்டோவிலோ, லாரியிலோ, கடையிலோ, படகிலோ பங்கு வைத்திருப்பீர்கள். முதல் உங்களுடையதாக இருக்கும். அதன்மேல் ஏறிப் போகிறவர் வேறொருவராக இருப்பார். தொழில் செய்யும் கருவிக்கு ஜகாத் இல்லை, அதன் வருமானம் நிஸாபை எட்டி ஓராண்டு நின்றால் அதற்கே ஜகாத் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆனால் அந்தக் கருவி பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பது அதில் உழைப்பவர்க்கு நாம் பட்ட கடன். இந்த மாதக் கணக்கைக் கேட்கும்போது, வண்டியின் பிரேக் எப்படியிருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சென்ற கோடையில் பனமலை ஏரிக்கரையில் எங்கள் பிள்ளைகளை நிறுத்தி, அத்தா சொன்ன குடிமராமத்துக் கதையைச் சொன்னோம். கூடவே அந்த ஜூலை இரவையும் ஒளிக்காமல் சொன்னோம். கடைக்குட்டி கேட்டான்: "அந்தம்மா கேட்டதுக்கு என்ன பதில் சொன்னீங்க?" சொல்லவில்லை என்றோம். மாதந்தோறும் படகைப் பார்க்கப் போகும் பயணம்தான் எங்கள் பதில். போதுமா என்பதை அல்லாஹ்வே அறிவான். நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.