‘டெஸ்டர் வேணாம்னு சொன்னா ரிலீஸ் நிக்குமா?’ - ஒற்றை எழுத்து இனிஷியல் கிளப்பிய கேள்வி!

‘‘தப்பு கண்டுபிடிக்கிறதுக்கெல்லாமா சம்பளம் கொடுப்பாங்க?’’ - சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் சேர்ந்த மகளிடம் திண்டிவனத்து அப்பா ஒருவர் கேட்டது இது. பல ஐ.டி கம்பெனிகளும் மனசுக்குள் இதே கேள்வியைத்தான் வைத்திருந்தன.

புரோகிராம் எழுதுபவர் டெவலப்பர். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, அது சரியாக ஓடுகிறதா எனத் தட்டிப் பார்ப்பவர் டெஸ்டர். வேலை இவர் கைக்கு வரும்போது, பத்து நாள் அவகாசம் இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு வந்தது ஒரு கடன் விண்ணப்ப ஆப். குடும்பப் பெயர் கட்டத்தில் குறைந்தது இரண்டு எழுத்து இருந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வடக்கே சர்மா, குப்தா எனப் போட்டுவிடலாம். விழுப்புரம் பக்கம் பலருடைய ஆதாரில் இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல்தானே! தன் பெயரை அடித்துப் பார்த்தபோதே அவர் இதைப் பிடித்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, மாலையே ரிலீஸ். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை புகார்கள் குவிந்தன. கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை முழுதாக எழுதியவர்களுக்கு, ‘ஆதாருடன் பெயர் பொருந்தவில்லை’ என நிராகரிப்பு. காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. படிவத்தைத் திருத்த இரண்டு வாரம் ஆனது.

சரி, கம்பெனிகள் இப்போது மாறிவிட்டனவா? பயம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம்? அப்டேட் 21-வதாக ஒரு தகவலைத் தேடியது. புரோகிராம் கொடுத்ததோ 20. அந்த ஒன்றை உரசிப் பார்க்கும் டெஸ்ட் நடக்கவே இல்லை. முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம்.

அதே ஆண்டு ஏப்ரல் 24-ல், ஆன்லைனில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புது கிரெடிட் கார்டு வழங்கவும் கோட்டக் மஹிந்திரா வங்கிக்குத் தடை போட்டது ரிசர்வ் வங்கி. அது சுட்டிக்காட்டிய ஐ.டி குறைகளில், மென்பொருள் மாற்றங்களைக் கையாளும் முறையும் ஒன்று. தடை நீங்க 2025 பிப்ரவரி ஆனது.

இப்படி அடி விழுந்த பிறகுதான் டெஸ்டிங்குக்குக் காசு ஒதுக்குகிறார்கள். ஆட்டோமேஷன், ஏ.ஐ என டூல்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால், இனிஷியல் என்று ஒன்று இருப்பதை டூலுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே! அப்படிச் சொல்லத் தெரிந்தவர் சொன்ன பிறகும் கேட்கவில்லை என்றால், எந்த டூல் வாங்கி என்ன?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், 2024 பிப்ரவரி 17 அன்று மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 31 கோடி ரூபாய், 63,000 சதுர அடி, 500 பேர் வேலை பார்க்க இடம். தாம்பரம் பாசஞ்சரில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கும், சென்னையில் ஹாஸ்டல் தேடி அலைந்தவர்களுக்கும் இது பக்கத்து ஊர். அங்கே டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள், ‘உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?’ என்றால் சம்பளத்தோடு இதையும் கேட்டுவிடுங்கள்... ‘‘டெஸ்டர் வேணாம்னு சொன்னா, ரிலீஸ் நிக்குமா சார்?’’